வெளிக்காற்று

காலை எட்டே காலுக்குக் கிளம்புவோம். அந்த நேரத்துக்குக் காரில் ஏசி தேவைப்படாது.

பலருக்கு இது தெரிவதில்லை. ஏசி பொத்தானை அழுத்தினால்தான் காற்று வரும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லையென்றால் நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டுப் புழுதியைத் தின்றுகொண்டு போகிறார்கள். இரண்டுமே வேண்டாம். பொத்தானை அணைத்து வையுங்கள். பக்கத்தில் ஒரு லீவர் இருக்கும். அதை வெளிக்காற்று என்ற பக்கம் தள்ளுங்கள். ஃபேன் குமிழை இரண்டில் வையுங்கள். பின்பக்கக் கண்ணாடி ஒன்றை விரல் நுழையும் அளவு இறக்குங்கள். உள்ளே வந்த காற்று வெளியே போக ஒரு வழி வேண்டும். அவ்வளவுதான். கண்ணாடியில் ஆவி படியாது. தூக்கம் வராது.

நான் வண்டி ஏசி மெக்கானிக். வருகிற வாடிக்கையாளர்களிடம் எல்லாம் இதைச் சொல்வேன். ஒருமுறை சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏசியே வேணாம்னு நீயே சொல்லிக்கிட்டிருந்தா நாம எல்லாரும் துண்ட விரிச்சுட்டு உக்கார வேண்டியதுதான்" என்றார். உண்மையைத்தானே சொல்கிறேன் என்றேன். நான் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் உங்களுக்கு உதவும்.

மேசைமேல் பாலித்தீன் பையில் நீங்கள் போட்டு வைத்திருப்பது ஃபில்டர். டேஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். விசிறி மாதிரி மடித்த காகிதம், சுற்றிலும் ஒரு சட்டம். வெளியிலிருந்து வரும் காற்றும் சரி, உள்ளேயே சுற்றும் காற்றும் சரி, இதற்குள் புகுந்துதான் முகத்துக்கு வரும். என் வாக்குமூலத்தை எழுதும் ஏட்டு இதை ஆயுதம் என்று எழுதினார். திருத்திவிடச் சொல்லுங்கள். இதை வைத்து ஒரு ஈயைக்கூட அடிக்க முடியாது. தவிர, அந்தக் காரில் நானும்தான் உட்கார்ந்திருந்தேன். அதே காற்றைத்தான் நானும் சுவாசித்தேன்.

என் மனைவி துணி கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பெண்கள் தைப்பார்கள், பட்டன் கட்டுவார்கள், நூல் பிசிறு வெட்டுவார்கள். கட்டிங் மேசை ஆண்களுடையது. இவள் எப்படியோ அங்கே போய் நின்றுவிட்டாள். துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே கோடு போட்டு, மெஷினை ஓட்டினால் கடைசி அடுக்கிலும் கோடு பிசகாது என்று சொல்வார்கள். நான் பார்த்ததில்லை. முடியில் பஞ்சு ஒட்டிக்கொண்டு வருவாள். சிக்னலில் நிற்கும்போது ஒவ்வொன்றாக எடுத்துவிடுவேன்.

காலையில் கொண்டுபோய் விடுவேன். சாயங்காலம் கூட்டி வருவேன். என் வேலை முடிய முன்னே பின்னே ஆனாலும் ஓடி வந்துவிடுவேன். அவள் காத்திருக்கக் கூடாது. ஒருநாள் வாசலில் நின்ற செக்யூரிட்டி உள்ளே பார்த்துக் கத்தினான்.

"மாஸ்டர், உங்க டிரைவர் வந்தாச்சு!"

அவளோடு இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

"டிரைவர்னு சொல்லாதப்பா. சம்பளம் கேட்டுடப் போறாரு" என்றாள்.

நானும் சிரித்தேன். கார் கிளம்பியதும் என் முகத்தைப் பார்த்தாள்.

"கோவமா?"

"எனக்கென்ன கோவம்."

எனக்குக் கோபம் வராது. ஒர்க்‌ஷாப்பில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

முதல் தடவை நடந்தது தற்செயல். எங்கள் காரில் ஏசி கேஸ் கசிந்து போயிருந்தது. ஊர் வண்டிகளுக்கெல்லாம் பார்ப்பவனுக்குத் தன் வண்டியைப் பார்க்க நேரம் இருக்காது. வெளிக்காற்றிலேயே ஓட்டிக்கொண்டிருந்தோம். ஃபில்டரைச் சுத்தம் செய்யலாம் என்று உருவியபோது கிழிந்துவிட்டது. கைவசம் புதிது இல்லை. கழித்துப் போட்ட குவியலில் என் வண்டிக்குச் சேருகிற அளவில் ஒன்று கிடந்தது. ரொம்ப நாள் மரத்தடியில் நின்ற வண்டியில் இருந்து எடுத்தது. சருகும், இறகும், எலி கொண்டுவந்து சேர்த்த பஞ்சும். தரையில் இரண்டு தட்டுத் தட்டி மாட்டினேன். நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றுதான்.

மறந்துவிட்டேன். அதுதான் நடந்தது.

அவளுக்கு இருமல் வந்தது. பிறகு இழுப்பு. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம். லீவு போட்டுப் படுத்துவிட்டாள். நானும் லீவு போட்டேன். வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். தலை வாரிவிட்டேன். மாடிப்படி ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று, என்மேல் சாய்ந்துகொண்டு ஏறினாள். கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படிச் சாய்ந்ததில்லை. அவள் யார்மேலும் சாய்கிற ஆள் இல்லை.

"நாளைக்கும் லீவு போட முடியுமா?" என்று கேட்டாள். "தனியா இருக்க பயமா இருக்கு."

அவள் என்னிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை. கூட்டிப் போங்க, நிறுத்துங்க, இங்க திரும்புங்க, இதுதான் கேட்டிருக்கிறாள். எனக்கு அந்த நாட்களை விவரிக்கத் தெரியவில்லை. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அவள் மூச்சுச் சத்தம் மட்டும்.

நிறைய நேரம் இருந்ததால் யோசித்தேன். டேஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். ஃபில்டரைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. உடனே புதிது வாங்கி மாட்டினேன். உடனே என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். அவளுக்குச் சரியாகிவிட்டது. வேலைக்குப் போனாள்.

அன்று சாயங்காலம் கம்பெனி வாசலில் போனைக் காதில் வைத்துக்கொண்டே ஏறினாள். கட்டிங் பையன் யாரோ கழுத்தையும் கையையும் மாற்றி வெட்டிவிட்டான்போல. "கழுத்து வழியா கைய விட்டுக்கச் சொல்லுடா அவன" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். வீடு வரும்வரை சிரித்தாள். இறங்கும்போதுதான் போனை வைத்தாள். "ஏங்க, கதவப் பூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு மாடியேறிப் போனாள். ஒரே மூச்சில் ஏறினாள்.

நான் கதவைப் பூட்டினேன்.

பழைய ஃபில்டரை நான் தூக்கிப் போட்டிருக்கவில்லை. டூல் பெட்டியில் ஒரு பையில் இருந்தது. ஏன் என்று கேட்பீர்கள். எங்கள் தொழிலில் எதையும் சட்டென்று தூக்கிப் போட மாட்டோம்.

அதைத் தினமும் மாட்டவில்லை. அப்படி நீங்கள் எழுதினால் தப்பு. அவள் ரொம்பக் களைத்துத் தெரிகிற வாரங்களில் மட்டும். ஓய்வு தேவை என்று அவளுக்கே தெரியாத வாரங்களில். சொன்னால் கேட்க மாட்டாள். உடம்பு சொன்னால் கேட்பாள். நான் சொல்ல நினைத்ததை அவள் உடம்பு சொன்னது. அவ்வளவுதான் என்று அப்போது எனக்குத் தோன்றியது. இப்போதும் அதில் பெரிய தவறு தெரியவில்லை.

ஃபேன் ஒன்றில் இருந்தால் இருமல். இரண்டில் இருந்தால் பாதி வழியில் இழுப்பு. இது எனக்குப் பழகிவிட்டது. மூச்சு முட்டும்போது மனிதர்கள் காற்றுக்காகத் தவிப்பார்கள். அவளே சொல்வாள்.

"கொஞ்சம் ஃபேனக் கூட்டுங்களேன்."

கூட்டுவேன். அவள் கேட்டுத்தான் கூட்டினேன். கேட்காமல் ஒருநாளும் கூட்டியதில்லை.

நெஞ்சு டாக்டரிடம் கூட்டிப் போனதும் நான்தான். அவள் வேண்டாம் என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. பொறுமையான அம்மா அந்த டாக்டர். கேள்வி கேட்டுவிட்டு, பதில் முடியும்வரை காத்திருப்பார்.

"லீவு நாள்ல எப்படிம்மா இருக்கு?"

"லீவு நாள்ல ஒண்ணுமே இல்ல டாக்டர். ஓடலாம் போல இருக்கு."

"வேலைக்குப் போனா?"

"கம்பெனி வாசல்ல எறங்கும்போதே இழுக்குது."

"உள்ள போறதுக்கு முன்னாடியேவா?"

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"அந்தத் தெருவே பஞ்சுத் தூசிதான் டாக்டர்" என்றேன்.

முதலிலேயே சொன்னேன், எனக்குப் பொய் பழக்கமில்லை என்று. இந்த ஒன்றுதான். அதிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தத் தெருவில் பஞ்சு பறக்கத்தான் செய்யும்.

"கார்ல ஏசி போடுவீங்களா?"

"இல்ல டாக்டர். வெளிக்காத்துதான்."

"நல்லது. அதையே வச்சுக்குங்க."

அவர் வாயால் சொன்னது. நான் அதையேதான் வைத்துக்கொண்டேன். டாக்டரைக் குறை சொல்லாதீர்கள். சொன்னதை வைத்துத்தானே அவர் கணக்குப் போட முடியும். வீட்டில் இருந்தால் நன்றாக இருக்கிறாள், வேலைக்குப் போனால் இழுக்கிறது. அப்படியானால் வேலைதான் காரணம். நடுவில் ஒரு கார் இருப்பது யாருக்கும் தோன்றாது. கார் ஒரு இடமே இல்லை என்று நினைக்கிறார்கள்.

வேலையை விடு என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. அவள் தம்பிதான் சொன்னான். நல்ல பையன், ஆனால் கொஞ்சம் சத்தம் போடுவான்.

"அக்கா, வேலையா உசுரா, சொல்லு?"

"வேலையும் உசுருதான்டா."

"பஞ்சத் தின்னுட்டுச் சாகப்போறியா? மாமா, நீங்களாச்சும் சொல்லுங்க."

"அவ இஷ்டம்" என்றேன்.

அவள் என்னை நன்றியோடு பார்த்தாள். அந்த வாரம் அவளுக்கு ரொம்ப மோசமாகிவிட்டது. வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாள்.

கடைசி நாள் கட்டிங் மேசை ஆட்கள் எல்லாரும் வாசல்வரை வந்தார்கள். செக்யூரிட்டி என் பக்கக் கண்ணாடியில் குனிந்து, "மாஸ்டரப் பத்தரமாப் பாத்துக்குங்க சார்" என்றான். முதல்முறையாக என்னை சார் என்றான். அவள் தன் கத்தரிக்கோலைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். அன்று புது ஃபில்டர் போட்டிருந்தேன். வழியெல்லாம் அழுதாள், ஆனால் இழுக்கவில்லை.

வீட்டில் அவளை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினேன். இதைப் பக்கத்து வீட்டுக்காரர்களே சொல்வார்கள். உடம்பு தேறியது. டாக்டருக்குச் சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவுக்குக் கூட்டிப் போவேன். அவள் மரத்தைப் பார்க்க மாட்டாள், பூவைப் பார்க்க மாட்டாள். போகிற வருகிறவர்கள் போட்டிருந்த சட்டையைப் பார்ப்பாள்.

"அந்த ஆளு தோள்பட்ட எறங்கிருக்கு பாருங்க. முக்கா இஞ்ச் போயிருக்கு. எவன் வெட்டினானோ."

பிறகு அதையும் சொல்வதை நிறுத்தினாள். சாயங்காலம் நான் வரும்போது கூடத்தில் செய்தித்தாள் வெட்டிக் கிடக்கும். சட்டைக் கை, காலர், பை. நான் கூட்டி அள்ளுவேன். கதவைத் திறந்ததும் அவள் இருப்பாள். எப்போது போனாலும் இருப்பாள். இதைவிட ஒருவனுக்கு என்ன வேண்டும். அவள் பேச்சு குறைந்ததை நான் ஓய்வு என்று எடுத்துக்கொண்டேன்.

கம்பெனி முதலாளியம்மா நேரில் வந்தது நான் இல்லாதபோது. புதுக் கட்டடம் கட்டிவிட்டார்களாம். காகிதத்தில் அளவு போட்டு வரைய மட்டும் தனி அறை. துணியும் கிடையாது, பஞ்சும் கிடையாது. அதற்கு இவள்தான் தலைமை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நான் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடி வந்தாள்.

"நெஜமாவே தூசி இல்லீங்க. கண்ணாடி ரூமு. நான் டாக்டர்கிட்ட போன்ல கேட்டுட்டேன். தாராளமாப் போம்மான்னுட்டாங்க."

அவள் முகத்தை நான் ரொம்ப நாள் அப்படிப் பார்க்கவில்லை. எனக்கு ஒன்று உறைத்தது. இந்த வீட்டில் இருந்தவரை அவளுக்கு அந்த முகம் இல்லை. நான் அவ்வளவு செய்தும் இல்லை. ஒரு கண்ணாடி அறை என்று சொன்னதும் வந்துவிட்டது.

"நல்லதும்மா" என்றேன். "நான் கொண்டு விடறேன்."

"எதுக்குங்க. பஸ்ல போய்க்கறேன். வீட்டு வாசல்லயே பஸ்ஸு, எறங்கினா கம்பெனி வாசல்."

"மொத நாளு. நான் விடறேன்."

பழைய ஃபில்டர் போதாது என்று எனக்குத் தெரிந்தது. நீங்கள் வைத்திருப்பது அது அல்ல, இது வேறு. வெள்ளத்தில் மூழ்கிய வண்டி ஒன்று எங்களிடம் வந்து ரொம்ப நாளாக நின்றது. அதில் இருந்தது. கறுப்பாக இருந்தாலும் வெளிச்சத்தில் பிடித்தால் பச்சை தெரியும், பாருங்கள். அது பூஞ்சை. காய்ந்து பொடியாக நிற்கிறது. பையை அவிழ்க்காமல் பாருங்கள். அவள் உள்ளே மறுநாளைக்கான உடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது மாட்டினேன். ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.

அதே காற்றை நானும் சுவாசித்தேன் என்று சொன்னேன் அல்லவா. அதில் ஒரு திருத்தம். டேஷ்போர்டில் காற்று வரும் வாய்கள் நான்கு. என் பக்கத்து இரண்டையும் மூடிவிடுவேன். அவள் பக்கத்து இரண்டையும் அவள் முகத்துக்கு நேராகத் திருப்பி வைப்பேன். எனக்குச் சளி பிடிக்கும் உடம்பு. என் பக்கக் கண்ணாடி கொஞ்சம் இறங்கியிருக்கும். அவளுக்கு அது அக்கறையாகத் தெரிந்தது. இருக்கிற காற்றையெல்லாம் தனக்கே விடுகிறார் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறாள். அதைத்தான் அவன் உங்களிடம் சொல்லி அழுதிருக்கிறான்.

அவன் கெட்டிக்காரன் என்று நான் நினைத்ததில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து என் காரை அவன்தான் ஓட்டிக்கொண்டு வந்தான். வழியெல்லாம் தும்மினானாம். காரியங்கள் முடிந்ததும் வேறு ஒர்க்‌ஷாப்பில் காட்டியிருக்கிறான். இந்தப் பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான்.

"மாமா, இது என்ன?"

"ஃபில்டர்."

"ஊருக்கெல்லாம் மாத்தற ஆளு நீங்க. உங்க வண்டியில இதுவா?"

நான் பதில் சொல்லியிருக்கலாம். மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பான். முதல் தடவை உண்மையாகவே மறந்தவன்தானே நான். ஆனால் அவன் அக்கா மாதிரியே அவனும் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதனால்தான் நானே இங்கே வந்தேன்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எட்டே காலுக்குக் கிளம்பினோம். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி அறையில் கத்தரிக்கோல் எதற்கு என்று கேட்டேன். "இருக்கட்டுமே, கைக்குப் பழக்கம்" என்றாள். ஃபேன் ஒன்றில் இருந்தது. கடைத்தெரு தாண்டும்போது இருமினாள். பதற்றம் என்று அவளே சொல்லிக்கொண்டாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் ஒரு மணல் லாரி நின்றது. புழுதி வரும் என்று பின்பக்கக் கண்ணாடியையும் என் பக்கக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டேன்.

இழுப்பு வந்தது. பையில் இருந்து டாக்டர் கொடுத்த ஸ்ப்ரே மருந்தை எடுத்து வாயில் அடித்துக்கொண்டாள். இன்னொரு முறை அடித்தாள். கேட்கவில்லை.

"ஃபேனக் கூட்டுங்க."

இரண்டில் வைத்தேன்.

"இன்னும்."

மூன்றில் வைத்தேன். பிறகு அவள் எதுவும் சொல்லவில்லை. கையால் காட்டினாள், அல்லது காட்டியதாக எனக்குத் தோன்றியது. நான்கில் வைத்தேன். நான்குக்கு மேல் எண் கிடையாது.

குமிழை இடப்பக்கம் திருப்பியிருந்தால் நின்றிருக்கும். கண்ணாடியை இறக்கியிருக்கலாம். கதவைத் திறந்துவிட்டிருக்கலாம், வண்டி நின்றுகொண்டுதானே இருந்தது. எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. வண்டியைத் திருப்பச் சொல்லுவாள், வீட்டுக்குப் போவோம், படியேறும்போது தோளைப் பிடித்துக்கொள்வாள் என்றுதான் காத்திருந்தேன். அவள் திருப்பச் சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை. அதை நான் எதிர்பார்க்கவில்லை. கம்பெனிக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது.

உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டேன். ஒன்று மட்டும் நீங்கள் கேட்கவில்லை. உங்களுக்குத் தோன்றியிருக்காது. ரயில் போய்விட்டது. கேட் ஏறத் தொடங்கியது. நான் கியரைப் போட்டேன். அவள் தலையைச் சீட்டில் சாய்த்து, என் பக்கம் திரும்பி, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு நீலமாக இருந்தது. ஒரு வார்த்தைக்கும் இன்னொரு வார்த்தைக்கும் நடுவில் ரொம்ப நேரம் ஆயிற்று.

"ஃபேனக் கூட்டறதுக்கு முன்னாடி... எப்பவும் என் மொகத்தப் பாப்பீங்களே... எதுக்குங்க?"